கேரவன் வைத்திருப்பவர்களுக்கு: டேங்க் நிரம்பட்டும், அப்புறம் அலைன்மென்ட் பார்க்கலாம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஷூட்டிங் கேரவன், குடும்பத்தோடு ஊர் சுற்ற உள்ளே படுக்கை அடுப்பெல்லாம் போட்டுக் கட்டிய வேன், இந்த மாதிரி வண்டிகள் இப்போது சென்னை மாதவரத்தில் உள்ள நம் அலைன்மென்ட் கடைக்கு, அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணத்தை அளந்து சரிசெய்யும் கடைக்கு, நிறையவே வருகின்றன. வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது ஒரே கேள்விதான்: "இப்போதானே அலைன்மென்ட் பார்த்தோம், அதுக்குள்ள முன் டயரை ஏன் இப்படிச் சாப்பிடுது?" இன்னொரு பக்கம், கழுவித் துடைத்து, தண்ணீர் டேங்கைக் காலி செய்து, சாமான்களை இறக்கிவிட்டு வண்டியைக் கொண்டு வருகிறவர்களிடம், "இப்படிப் பார்க்க வேண்டாம், எப்போதும் எப்படி ஓட்டுவீர்களோ அப்படியே ஏற்றிக்கொண்டு வாருங்கள்" என்று திருப்பி அனுப்புகிறோம். அதில் சிலருக்கு வருத்தம். மூலக்கடை டிராபிக்கில் மாட்டி ஒரு மணி நேரம் வந்தவரைத் திருப்பி அனுப்பினால் வருத்தம் வரத்தான் செய்யும். அதனால்தான் ஏன் அப்படிச் சொல்கிறோம் என்று ஒரேயடியாக எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிடலாம் என்று இந்த மடல்.

ஒரு லாரி சரக்கை ஏற்றும், இறக்கும், பாதி நாள் காலியாகவும் ஓடும். கேரவன் அப்படி இல்லை. பட்டறையில் பாடி கட்டி, ஏசி, ஜெனரேட்டர், பேட்டரி, பாத்ரூம், பிளைவுட் அலமாரி, சோபா எல்லாம் வைத்த நாளிலிருந்து அந்தச் சுமை இறங்குவதே கிடையாது. அதுவும் சரிசமமாக உட்கார்ந்திருக்காது. ஜெனரேட்டர் ஒரு மூலையில் இருக்கும், தண்ணீர் டேங்க் ஒரு பக்கமாக இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 300 லிட்டர் டேங்க் என்றால் முழுசாக 300 கிலோ, நாலைந்து பெரிய ஆட்கள் வண்டியின் ஒரே ஓரத்தில் எந்நேரமும் உட்கார்ந்திருக்கிற கணக்கு. அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்து அலைன்மென்ட் பார்த்தால் நாங்கள் பார்ப்பது வேறொரு வண்டியை. நீங்கள் வீட்டுக்குப் போய் டேங்கை நிரப்பியதும் எங்கள் அளவு போய்விடும்.

இந்த வண்டிகளில் பெரும்பாலானவை சரக்கு வண்டியின் சேசிஸ், அதாவது அடிச்சட்டத்தின் மேல் கட்டியவை. முன்னால் ஒரே இரும்பு பீம்தான் ஆக்சில், அதை ஸ்பிரிங் பட்டைகள் தாங்குகின்றன. காரில் இருப்பது போல ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன் இருக்காது. இந்த பீம் ஆக்சிலில் சாதாரணமாகத் திருப்பி மாற்றக்கூடியது ஒன்றே ஒன்றுதான், டோ. இரண்டு முன் சக்கரங்களும் மேலிருந்து பார்த்தால் உள்பக்கம் பார்க்கிறதா வெளிப்பக்கம் பார்க்கிறதா என்பதுதான் டோ. இரண்டு முன் சக்கரங்களையும் இணைக்கும் டை ராடின் இரண்டு முனையிலும் உள்ள கிளாம்ப் போல்ட்டை இளக்கி பைப்பைத் திருப்பினால் அது கூடும் குறையும். சக்கரம் மேல்பக்கம் சாய்ந்திருக்கும் காம்பரும், சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங் பின் முன்னால் பின்னால் சாய்ந்திருக்கும் காஸ்டரும் பீமிலேயே அடித்து வைத்தவை. காஸ்டரை ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் ஆப்புத் தகடு வைத்துக் கொஞ்சம் மாற்றலாம், அவ்வளவுதான். காம்பர் மாறியிருந்தால் பீமோ கிங் பின்னோ கெட்டிருக்கிறது என்று அர்த்தம், அதை மெஷினில் திருப்பிச் சரிசெய்ய வழியில்லை.

சுமை ஏறும்போது பீம் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது, சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்கிறது, அதோடு டோவும் நகர்கிறது. பின்பக்கம் அமுங்கினால் மூக்கு தூக்கி காஸ்டர் கூடும், ஸ்டியரிங் கனக்கும். முன்பக்கம் அமுங்கினால் காஸ்டர் குறையும், திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது, பைபாஸில் வண்டி அலையும். தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள வேன்களில் உயரம் மாறினால் டோவும் காம்பரும் இதைவிட அதிகமாகவே மாறும். ஆகவே காலி வண்டியில் எடுத்த அளவு உங்களுக்கு உதவாது.

"ரெண்டு மூணு மில்லிமீட்டர்தானே, அதனால என்ன ஆகப்போவுது?" என்று ஒருவர் கேட்டார். கணக்குப் போட்டே காட்டினோம், உங்களுக்கும் சொல்கிறேன். டயரின் குறுக்களவு 750 மி.மீ. என்று வையுங்கள். ஒரு சக்கரம் அந்த 750-க்கு 3 மி.மீ. கோணலாக நிற்கிறது. அப்படியானால் 250-க்கு 1. வண்டி ஒரு கிலோமீட்டர் நேராக ஓடும்போது அந்த டயர் 4 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. இங்கிருந்து கன்னியாகுமரி சுமார் 700 கிலோமீட்டர். போய்ச் சேர்வதற்குள் டயரை ஏறக்குறைய 2.8 கிலோமீட்டர் தார் ரோட்டில் பக்கவாட்டாகத் தேய்த்திருக்கிறீர்கள், அதுவும் முழுச் சுமையோடு. நோட்டில் ரப்பர் வைத்து அழிக்கிற மாதிரிதான், அழுத்தி அழித்தால் சீக்கிரம் கரையும். கேரவன் எப்போதும் அழுத்தித்தான் அழிக்கிறது.

டயர் என்ன சொல்கிறது என்று பார்க்க மெஷின் கூட வேண்டாம், கை போதும். வண்டி லேசாக உருளும்போதே ஸ்டியரிங்கை முழுசாக ஒரு பக்கம் திருப்பி நிறுத்திவிட்டு இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு, முன் டயரின் பட்டன் (ரோட்டைத் தொடும் ரப்பர் கட்டைகள்) மேல் உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தடவுங்கள். முதலில் வெளிப்பக்கத்திலிருந்து உள்பக்கமாக, அப்புறம் உள்ளிருந்து வெளியே. ஒரு பக்கம் போகும்போது வழவழவென்று வழுக்கி, திரும்பும்போது ரம்பப் பல் மாதிரிக் கையில் இடறினால் அது டோ பிரச்சினை. உள்ளிருந்து வெளியே வரும்போது இடறினால் டோ இன் அதிகம், அதாவது சக்கரங்கள் உள்பக்கம் பார்க்கின்றன; வெளியிலிருந்து உள்ளே போகும்போது இடறினால் டோ அவுட், வெளிப்பக்கம் பார்க்கின்றன. கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் பழைய டயரில் மட்டும் வெறுங்கை வேண்டாம், கிழித்துவிடும்.

இடறல் இல்லாமல் ஒரே ஓரம் மட்டும் வழவழப்பாகத் தேய்ந்திருந்தால் காம்பர், அல்லது கிங் பின் ஆட்டம். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால் காற்று குறைவு, நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். மேடும் பள்ளமுமாகத் திட்டுத்திட்டாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பரையும் பேலன்சிங்கையும் பாருங்கள். இந்தக் கடைசி ரகத்துக்குத்தான் மக்கள் வீணாக அலைன்மென்ட்டுக்குக் காசு கொடுக்கிறார்கள்.

சரி, இப்போது எடை. நம் பக்கம் ஒரு வசதி, துறைமுகமும் கன்டெய்னர் யார்டுகளும் இருப்பதால் மணலி, திருவொற்றியூர், மாதவரம் எங்கே திரும்பினாலும் எடை மேடை இருக்கிறது. டேங்க் நிரப்பி, டீசல் நிரப்பி, வழக்கமாக ஏறும் ஆட்களையும் சாமானையும் ஏற்றிக்கொண்டு போய், முதலில் முன் சக்கரங்களை மட்டும் மேடையில் வைத்து ஒரு சீட்டு, அப்புறம் முழு வண்டிக்கும் ஒரு சீட்டு. மேடையும் பக்கத்துத் தரையும் ஒரே மட்டத்தில் இருந்தால் இடது முன் சக்கரத்தை மட்டும் ஏற்றி இன்னொரு சீட்டு வாங்குங்கள். மேடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார், பரவாயில்லை. முன் ஆக்சில் 2,000 கிலோ, அதில் இடது பக்கம் மட்டும் 1,120 என்று வந்தால் வலது பக்கத்தில் 880-தான். இரண்டு டயருக்கும் 240 கிலோ வித்தியாசம். எந்த அலைன்மென்ட்டும் அதைச் சரிசெய்யாது. பேட்டரியையோ அலமாரிச் சாமானையோ வலது பக்கம் மாற்றி வைத்தால்தான் சரியாகும்.

அந்தச் சீட்டை ஆர்.சி.யில் போட்டிருக்கும் மொத்த எடையோடும், டயரில் போட்டிருக்கும் எண்ணோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். டயர் பக்கவாட்டில் 121/120 என்று இருந்தால், ஒற்றை டயராகப் போடும்போது ஒன்றுக்கு 1,450 கிலோவும், பின்னால் ஜோடியாகப் போடும்போது ஒன்றுக்கு 1,400 கிலோவும் தாங்கும், அதுவும் அதற்குரிய காற்று இருந்தால். காற்றைப் பாரம் அதிகமாக இருக்கும் சக்கரத்தின் கணக்குக்கு வைத்து, அதே ஆக்சிலின் அடுத்த பக்கத்துக்கும் அதே அளவு வையுங்கள். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். மத்தியான வெயிலில் ஓடி வந்து பிரஷர் ஏறியிருக்கிறது என்று பங்க் பையனிடம் சொல்லிக் காற்றை இறக்கிவிடாதீர்கள், சூட்டில் ஏறத்தான் செய்யும். இறக்கினால் ராத்திரிக்குள் குறைந்து நிற்கும்.

வண்டி வந்ததும் நாங்கள் நேராக மெஷினில் ஏற்றாமல் ஜாக்கி போடுவதைப் பார்த்து நேரம் கடத்துகிறோம் என்று நினைக்க வேண்டாம். சக்கரத்தை மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டிப் பார்ப்போம், அப்புறம் இடது வலதாக. மேல் கீழாக ஆடினால் கிங் பின் புஷ்ஷோ வீல் பேரிங்கோ. ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டினால் எது என்று தெரிந்துவிடும், பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின். இடது வலதாக ஆடினால் டை ராடு எண்டைப் பார்க்க வேண்டும். இந்த ஆட்டத்தை வைத்துக்கொண்டு டோ வைப்பது வெறும் ஏமாற்று. அலைன்மென்ட் மெஷினில் பச்சை காட்டும், ரோட்டில் இறங்கி முதல் பள்ளத்தில் விழுந்ததும் சக்கரம் தன் இஷ்டத்துக்கு நிற்கும். ஆட்டம் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்து வாருங்கள் என்போம், அதுவரை அலைன்மென்ட்டுக்குக் காசு வாங்க மாட்டோம்.

பின் ஆக்சிலையும் பார்ப்போம். அண்மையில் ஒரு ஷூட்டிங் கேரவன் வந்தது, எர்ணாவூர் பக்கத்திலிருந்து. புது முன் டயர் இரண்டும் கரைந்திருந்தன, முன் அளவோ சரியாகவே இருந்தது. டேப் எடுத்து முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடு வரை இரண்டு பக்கமும் அளந்தால் இடது பக்கம் குறைவு. ஆக்சிலை ஸ்பிரிங்கோடு சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட் தளர்ந்து, ஸ்பிரிங் பட்டைகளைக் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் அறுந்து, பின் ஆக்சில் ஒரு பக்கம் முன்னால் நகர்ந்துவிட்டது. பின்னால் அப்படித் தள்ள, டிரைவர் நேராகப் போக ஸ்டியரிங்கைக் கோணலாகவே பிடித்து ஓட்டியிருக்கிறார். உங்கள் வண்டியிலும் நேர் ரோட்டில் ஸ்டியரிங் நேராக நிற்காவிட்டால் ஒரு சாதாரண டேப்பை வைத்து நீங்களே அளந்து பாருங்கள்.

நம் ஊர் ரோட்டுக்கும் இதில் பங்கு இருக்கிறது. மழைத் தண்ணீர் வடிய ரோடு இடது ஓரமாகச் சரிந்திருக்கும், அதனால் நல்ல வண்டியும் கொஞ்சம் இடது பக்கம் போகத்தான் பார்க்கும். அதை வைத்து "இழுக்கிறது" என்று முடிவு செய்யாமல், சமதளமான இடத்தில் ஓட்டிப் பாருங்கள். மாதவரம் ரவுண்டானா மாதிரி ஒவ்வொரு ரவுண்டானாவிலும் பாரம் இடது முன் டயரின் வெளி ஓரத்தில்தான் விழும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையிலும் மணலி சாலையிலும் கன்டெய்னர் டிரெய்லர்கள் உழுதுவிட்டுப் போன தடத்தில் உங்கள் வேன் இறங்கினால் டை ராடு எண்டுக்குத்தான் அடி. காசிமேடு, ராயபுரம் பக்கம் கடற்கரையை ஒட்டி நிறுத்துகிறவர்களுக்கு உப்புக் காற்றில் கிளாம்ப் போல்ட் துருவேறி இறுகிவிடும், அதை இளக்கவே நேரம் பிடிக்கும். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும்போது இறக்கி ஓட்டியிருந்தால் வீல் பேரிங்கைக் கழற்றி கிரீஸ் பார்த்துவிடுங்கள். அப்புறம் தண்டையார்பேட்டைச் சந்துகளில் வண்டியை நிறுத்தி வைத்தே பவர் ஸ்டியரிங்கை முழுசாக வளைக்கும் பழக்கம், அதை விட்டால் போதும், முன் டயர் ஓரம் கொஞ்ச நாள் கூடுதலாக வரும். வண்டி லேசாக உருளும்போது வளையுங்கள்.

ஒன்று விட்டுப் போயிற்று. கேரவன்கள் மாதக்கணக்கில் நின்றே இருப்பதால் பட்டன் தேய்வதற்கு முன்பே டயர் வயதாகிவிடும். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. ஐந்தாறு வருடம் தாண்டி பக்கவாட்டில் வெடிப்பு விட்ட டயருக்கு, பட்டன் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அலைன்மென்ட் பார்த்துக் காசை வீணாக்க வேண்டாம். அதேபோல் பட்டன் இடுக்கில் இருக்கும் தேய்மானக் கோடு மட்டத்துக்கு வந்துவிட்டால், அதாவது 1.6 மி.மீ. ஆகிவிட்டால், மாற்றித்தான் ஆக வேண்டும்.

இனி வருகிறவர்கள் டேங்கை நிரப்பி, எடைச் சீட்டோடு வாருங்கள். சீட்டு இல்லாவிட்டாலும் வாருங்கள், பக்கத்து எடை மேடையில் போட்டுவிட்டு வர நம் பையன் ஒருவனைக் கூட அனுப்புகிறோம். கேரவனுக்கு அரை நாள் ஒதுக்கிக்கொண்டு காலையிலேயே வந்துவிடுங்கள், நீளமான வண்டி நம் கடையின் கார் அலைன்மென்ட் மேடையில் ஏறாது, பெரிய மேடை ஒன்றுதான் இருக்கிறது. வருவதற்கு முந்தின நாள் போன் செய்தால் அதைக் காலியாக வைத்திருப்போம். வேலை முடிந்ததும் வேலைக்கு முன்பு எடுத்த அளவும் அப்புறம் வைத்த அளவும் அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்த முறை வரும்போது அதை மறக்காமல் எடுத்து வாருங்கள், எங்கே மாறியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.

இப்படிக்கு,
மாதவரம் அலைன்மென்ட் கடையிலிருந்து