செயலாளரின் ஆண்டறிக்கை, 2025–26: குறும்படத் திரையிடல்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுத் தோழர்களே, பொதுக்குழு உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரையிலான நம் திரைப்படச் சங்கத்தின் செயல்பாடுகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். செயற்குழு வழக்கம்போல் மாதந்தோறும் கூடியது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். முழுநீளப் படங்களின் திரையிடலில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதுமில்லை என்பதால், சென்ற பொதுக்குழு புதிதாக ஒப்படைத்த சுயாதீனக் குறும்படப் பணியைப் பற்றியே இவ்வறிக்கையில் விரிவாகச் சொல்கிறேன்.

கேரள மாநில சலச்சித்திர அகாதமி 2008 முதல் திருவனந்தபுரத்தில் நடத்திவரும் சர்வதேச ஆவணப்பட, குறும்பட விழா, 17ஆம் முறையாக 2025 ஆகஸ்ட் 22 முதல் 27 வரை நடைபெற்றது. விழா நடக்கும் கைரளி, ஸ்ரீ, நிளா ஆகிய மூன்று அரங்குகளும் தம்பானூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகும் தொலைவில் ஒரே வளாகத்தில் இருப்பதால், நாகர்கோவிலில் காலை ரயில் ஏறும் நம் உறுப்பினர் முற்பகல் காட்சிக்குச் சென்று இரவே வீடு திரும்பிவிடலாம். 1956 நவம்பர் 1 வரை திருவனந்தபுரமே நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் தலைநகராக இருந்தது. மூத்த உறுப்பினர்கள் பலருக்கு மலையாளம் இன்றும் தடையில்லை. சென்னைக்கு ஓர் இரவுப் பயணம் செய்ய வேண்டிய நமக்கு, பக்கத்து மாநிலத்தின் விழாதான் உண்மையில் உள்ளூர் விழா.

அங்கே போட்டிப் பிரிவுகளைத் தவிர, பரிசுக்குரியவை அல்ல என்றாலும் பார்க்கப்பட வேண்டியவை என்று தேர்வுக் குழு கருதும் படங்களுக்கும் தனி இடமுண்டு. கேரளக் கல்லூரி மாணவர்களுக்கென்று தனிப் போட்டியும் நடத்துகிறார்கள். அது நம் மாவட்ட மாணவர்களுக்குத் திறந்ததன்று என்பதில் எனக்குச் சிறு பொறாமை உண்டு. ஒரு கல்லூரியின் காட்சித் தொடர்பியல் மாணவர், வகுப்புப் பயிற்சிக்காக எடுத்த படத்தை முழு அளவுத் திரையரங்கில், முன்பின் அறியாத பார்வையாளர்களோடு உட்கார்ந்து பார்க்கும் வாய்ப்பு நம் பக்கத்தில் அனேகமாக இல்லை.

விழாவுக்குச் சென்றுவந்த உறுப்பினர்கள் செயற்குழுவில் பகிர்ந்துகொண்டவற்றுள் ஒரு கருத்து நம் ஆண்டுத் திட்டத்தையே மாற்றியது. தமிழ்நாட்டில் குறும்படம் என்பது தயாரிப்பாளரிடம் நீட்டும் முகவரி அட்டையாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. இதில் இழிவு ஏதுமில்லை. கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' குறும்படப் போட்டி நிகழ்ச்சி வழியாகத்தான் கார்த்திக் சுப்பராஜ், நலன் குமாரசாமி போன்ற இயக்குநர்கள் நமக்கு அறிமுகமானார்கள். ஆனால் அந்த வெற்றியின் பக்கவிளைவாக, பத்து நிமிடப் படத்துக்குள் இரண்டரை மணி நேரப் படத்தின் திருப்பங்களையெல்லாம் திணித்துத் தன் திறமையை நிரூபிக்க முயலும் பழக்கம் ஊன்றிவிட்டது. விழாவில் பார்த்த நல்ல படங்கள் இப்படி எதையும் நிரூபிக்க முயலவில்லை என்பதே உறுப்பினர்கள் கொண்டுவந்த கருத்து. இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டை வேறோர் இடத்திலிருந்து தருகிறேன். மருத்துவம் படித்துவிட்டுப் புணே திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் சேர்ந்த சிதானந்த நாயக், ஓராண்டுப் படிப்பின் இறுதிப் பயிற்சியாக நான்கே நாள் படப்பிடிப்பில் ஒரு கன்னடக் குறும்படத்தை முடித்தார். ஊரின் சேவலை ஒரு கிழவி திருடிவிட, விடியலே நின்றுபோகும் நாட்டார் கதை அது. 2024இல் கான் விழாவின் திரைப்படக் கல்லூரி மாணவர்களுக்கான பிரிவில் அது முதல் பரிசு பெற்றது. படத்தின் நீளம் 16 நிமிடம். அந்தக் கதையை 17ஆவது நிமிடத்துக்கு இழுத்தால் நீர்த்துப் போகும்.

எனவே நம் மாதாந்தரத் திரையிடலில் இரண்டு மாற்றங்களைச் செய்தோம். முன்பு குறும்படங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒன்றரை மணி நேரத் தொகுப்பாக ஓட்டிவிட்டு இறுதியில் கலந்துரையாடல் வைப்போம். கடைசிப் படத்தைப் பற்றி மட்டுமே பேச்சு நடக்கும், முதலில் பார்த்தவை மறந்துபோயிருக்கும். இப்போது படங்களின் எண்ணிக்கையைக் குறைத்து, ஒவ்வொரு படத்துக்குப் பின்னும் விளக்கைப் போட்டுச் சிறிது நேரம் பேசவிடுகிறோம். நேரம் கூடுதலாகிறது என்று சில உறுப்பினர்கள் குறைப்பட்டுக்கொண்டாலும், இயக்குநர் நேரில் வரும் நாட்களில் அந்தக் குறை எழுவதில்லை. அடுத்த மாற்றம் சற்று விசித்திரமானது. 'முழுநீளப் படம் எப்போது எடுப்பீர்கள்?' என்ற கேள்வியை இயக்குநரிடம் கேட்பதில்லை என்று செயற்குழு தீர்மானித்தது. கேட்பவர் அன்போடுதான் கேட்கிறார். ஆயினும் இப்போது காட்டிய படம் வெறும் முன்னோட்டம் என்று சொல்வதாகவே அது முடிகிறது. தீர்மானத்தை மீறியவர்களில் நம் துணைத்தலைவரும் ஒருவர் என்பதைப் புன்னகையுடன் பதிவு செய்கிறேன்.

படங்களைப் பெறும் வழி எளிதன்று. விழா முடிந்ததும் இப்படங்கள் திரையரங்குக்கும் வருவதில்லை. அடுத்த விழாக்களின் வாய்ப்பைக் காக்கும் பொருட்டு, பலர் ஓரிரு ஆண்டுகள் இணையத்திலும் வெளியிடுவதில்லை. ஆகவே ஒவ்வொரு இயக்குநருக்கும் தனித்தனியே எழுதி அனுமதி கேட்கிறோம். பயிற்சி நிறுவன மாணவர்களின் படங்களுக்கு உரிமை நிறுவனத்திடம் இருப்பதால், இயக்குநர் சம்மதித்தால் மட்டும் போதாது. கடவுச்சொல்லுடன் அனுப்பப்படும் இணைப்பை அரங்கில் நேரடியாக ஓட்டுவது ஆபத்து என்பதால், அனுமதி பெற்றுக் கோப்பை முன்னதாகவே இறக்கி, ஒலி அளவையும் துணையெழுத்தையும் சரிபார்த்து வைக்கிறோம். மராத்தி, அசாமியப் படங்களுக்கு ஆங்கிலத் துணையெழுத்து மட்டுமே கிடைப்பதால், படத்துக்கு முன் தமிழில் ஒரு பக்கக் குறிப்பு வழங்கும் பொறுப்பை இரு இளம் உறுப்பினர்கள் ஏற்றுள்ளனர். அவர்களுக்கு நன்றி.

திரையிடல் கட்டணம் பற்றிப் பொதுக்குழு முடிவெடுக்க வேண்டும். அரங்க வாடகைக்கும் தேநீருக்கும் செலவிடத் தயங்காத நாம், படம் எடுத்தவருக்குச் சால்வையோடு நிறுத்திக்கொள்கிறோம். தொகை சிறிதாயினும் ஒவ்வொரு படத்துக்கும் கட்டணம் தர வேண்டும், அதற்காக ஆண்டுச் சந்தாவை உயர்த்தலாம் என்பது செயற்குழுவின் பரிந்துரை. இதில் மாற்றுக் கருத்து உடையவர்கள் இன்றே பேசுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தணிக்கைச் சான்றிதழ் பற்றிய ஐயம் உறுப்பினர்களிடையே அடிக்கடி எழுவதால் சில சொற்கள். பொதுமக்களுக்குக் காட்டப்படும் படத்துக்குச் சான்றிதழ் வேண்டும் என்பது 1952ஆம் ஆண்டுச் சட்டம். விழாக்கள் மத்திய தகவல், ஒலிபரப்பு அமைச்சகத்திடம் விலக்குப் பெற்று, பதிவு செய்த பார்வையாளர்களுக்கு மட்டும் காட்டுகின்றன. அந்த விலக்கு எப்போதும் கிடைத்துவிடுவதில்லை. இதே திருவனந்தபுரம் விழாவில் 2017இல் மூன்று படங்களுக்கு அது மறுக்கப்பட்டது. 2019இல் ஆனந்த் பட்வர்த்தனின் 'விவேக்' ஆவணப்படம் கேரள உயர்நீதிமன்றத்தின் அனுமதியோடு காட்டப்பட்டது. 2025 விழாவில் வாழ்நாள் சாதனையாளர் விருது பெற்ற ராகேஷ் சர்மாவின் கதை இன்னும் பழையது. 2002 குஜராத் வன்முறை பற்றிய அவரது ஆவணப்படம் 2004இல் தணிக்கையில் தடைபட்டபோது, வாங்கியவர் படியெடுத்து மற்றவர்களுக்கும் கொடுக்க வேண்டும் என்ற வேண்டுகோளுடன் அவர் குறுந்தகடுகளைப் பரப்பினார். அவ்வாண்டின் இறுதிக்குள் தடை நீங்கியது. நம் குறும்படத் திரையிடல்களைப் பொறுத்தவரை, உறுப்பினர்களுக்கு மட்டும், நுழைவுச் சீட்டு விற்காமல் என்ற நடைமுறையைத் தொடர்கிறோம்.

மதுரையில் மறுபக்கம் அமைப்பு 1998 முதல் நடத்திவரும் ஆவணப்பட, குறும்பட விழாவிலிருந்தும் படங்களைப் பெற்று நம் ஊரில் ஒரு நாள் திரையிடல் நடத்த வேண்டும் என்ற யோசனை, அரங்கம் கிடைக்காததால் இவ்வாண்டு நிறைவேறவில்லை. வரும் ஆண்டில் அதற்கெனத் தனித் துணைக்குழு அமைக்கப்படும். ஆர்வமுள்ளவர்கள் கூட்டத்தின் முடிவில் என்னிடம் பெயர் தரலாம்.

இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்