எட்டு நாள் கணக்கு

காரைக்குடி
தை 22, வியாழன் இரவு

அன்புள்ள வள்ளி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அம்மாவுக்கு மூட்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. உடனே பதில் எழுதாததற்குச் சோம்பல் காரணமில்லை. விரல் மடங்கவில்லை. இன்றைக்குத்தான் பேனா பிடிக்க வருகிறது, அதுவும் பொழுது சாய்ந்த பிறகு.

லூபஸ் மறுபடி கிளம்பிவிட்டது, உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் அதே பழைய நோய். செவ்வாய்ப் பொங்கலுக்கு நாட்டரசன்கோட்டை போயிருந்தோம். பொங்கல் கழிந்து வரும் முதல் செவ்வாய், கண்ணாத்தாள் கோயில் முன்னால் வரிசையாக அடுப்பு மூட்டிப் பொங்கல் இடுவோமே, கல்லூரியில் படிக்கும்போது உன்னையும் ஒரு தடவை இழுத்துப் போனேன். முழுக்கை ரவிக்கை, சன்ஸ்கிரீன், குடை எல்லாம் கொண்டு போனேன். ஆனால் பானை பொங்கி வரும் நேரத்தில் குடையை யார் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்? சுற்றிலும் அத்தனை பேர். மடக்கி வைத்துவிட்டேன். முக்கால் மணி நேரம் இருக்கும். நாலாம் நாள் கன்னத்தில் சிவப்பு, வாய்க்குள் புண், காலையில் டம்ளரைப் பிடிக்க முடியாத விரல்.

இது ஒன்பதாவது வருஷம், இதெல்லாம் எனக்குப் பழகிப்போனது. பழகாதது ஒன்று சேர்ந்திருக்கிறது. எட்டு நாள் தள்ளிப்போயிருக்கிறது.

உடனே துள்ளிக் குதிக்காதே. லூபஸ் ஏறும்போதும் எனக்குத் தள்ளிப்போகும். ஸ்டீராய்டு மாத்திரையும் மாதக் கணக்கைக் குழப்பும். அசதியா? இரண்டுக்கும் உண்டு. குமட்டலா? நான் இப்போது சாப்பிடும் அசதயோப்ரினே குமட்டும். தள்ளிப்போன மூன்றாம் நாள் கர்ப்பம் பார்க்கும் கார்டு வாங்கிப் பார்த்தேன், ஒரே கோடுதான். காலையில் நான் வளவுத் தூணைப் பிடித்துக்கொண்டு ஓங்கரித்ததை அயித்தை பார்த்துவிட்டார்கள். ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து என் தட்டில் மாங்காய் ஊறுகாய் கூடுதலாக விழுகிறது.

இதற்காக ஆடியிலிருந்தே தயாராகி வந்தோம். சிறுநீரகத்துக்காக இரண்டு வருஷமாக மைக்கோபீனோலேட் சாப்பிட்டு வந்தேன் இல்லையா, அது கருவில் காது, உதடு, அண்ணம் எல்லாவற்றையும் கெடுக்கும். கரு உண்டாவதற்குக் குறைந்தது ஆறு வாரம் முன்னாலேயே நிறுத்திவிட வேண்டும். அதை எடுத்துவிட்டு அசதயோப்ரினுக்கு மாற்றினார்கள், இதைக் கர்ப்பத்திலும் தொடரலாம். பிரஷருக்குக் கொடுத்திருந்த எனலப்ரிலையும் மாற்றினார்கள். “ஆறு மாசம் நோய் அடங்கி இருக்கட்டும், தையில் பார்க்கலாம்” என்றார் மதுரை டாக்டர். ஆறு மாதமும் ஒரு தொந்தரவும் இல்லை. சிறுநீரில் புரதம் இல்லை. எல்லாம் கூடி வந்த வேளையில் நான் போய் வெயிலில் நின்றிருக்கிறேன், பார்!

இன்னொரு முட்டாள்தனமும் செய்தேன். உன்னிடம் மறைக்க முடியாது. கல்யாண வீட்டில் சந்தித்த ஓர் ஆச்சி, லூபஸுக்கு நான் சாப்பிடும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மலேரியா மாத்திரையாமே, கருவைக் கலைத்துவிடும் என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து அதைப் பத்து நாள் நிறுத்திவிட்டேன். வீட்டுக்காரரிடம் கூடச் சொல்லவில்லை. பிறகு பயந்துபோய் டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. அந்த மாத்திரை உடம்பை விட்டுப் போகவே வாரக்கணக்கில் ஆகும், அதனால் இந்தத் தடவை கிளப்பிவிட்டது பெரும்பாலும் வெயிலாகத்தான் இருக்கும் என்றார். ஆனால் எதை நிறுத்தினாலும் அதை மட்டும் நிறுத்தக் கூடாதாம். கர்ப்பத்தில் லூபஸ் கிளம்பாமல் அடக்கி வைப்பதே அதுதான். வருஷத்துக்கு ஒரு முறை கண் பரிசோதனை, அவ்வளவுதான் அதற்கு நாம் கட்டும் வரி.

எனக்கு அந்த மாத்திரை இன்னொரு வகையிலும் வேண்டும். என் ரத்தத்தில் ஆன்ட்டி ரோ என்ற ஆன்டிபாடி (எதிர்ப்பொருள்) இருக்கிறது. அது நஞ்சுக்கொடி வழியாகப் போய்க் குழந்தையின் இதயத் துடிப்பைத் தடுத்துவிடலாம். நூற்றில் இரண்டு பேருக்கு அப்படி ஆகும் என்று சொன்னார்கள். நூற்றில் இரண்டு, சின்ன எண்தான். ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டால் அது சின்னதாகத் தெரிவதில்லை. அந்த ஆபத்தையும் இந்த மாத்திரை குறைக்கிறது. பதினாறாம் வாரத்திலிருந்து இருபத்தாறு வரை குழந்தையின் இதயத்தை ஸ்கேனில் அடிக்கடி பார்ப்பார்களாம். கருவைக் கலைக்கும் இன்னொரு ஆன்டிபாடி உண்டு, ரத்தத்தை உறைய வைப்பது. அது எனக்கு இல்லை. பன்னிரண்டு வாரம் இடைவெளி விட்டு இரண்டு தடவை பார்த்தாகிவிட்டது.

நாளைக் காலை மறுபடி கார்டு போட்டுப் பார்க்கப் போகிறேன். எழுந்ததும் போகும் முதல் சிறுநீரில்தான் சரியாகத் தெரியும். இதை இப்படியே வைத்துவிட்டுப் படுக்கிறேன்.

ஞாயிறு மதியம்

வெள்ளிக் காலை இரண்டாவது கோடு தெரிந்தது. நேற்று போட்டு மிதிபட்ட கோலம் மாதிரி இருந்தது, ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். அவரை எழுப்பிக் காட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, “இதில் எது கோடு?” என்றார். வந்த கோபத்துக்கு அளவில்லை.

அன்றே ரத்தம் கொடுத்தோம். கர்ப்ப ஹார்மோனான பீட்டா எச்சிஜி 140. கரு உண்டாகியிருக்கிறது, ஆனால் நிலைத்திருக்கிறதா என்று ஒரு எண்ணை வைத்துச் சொல்ல முடியாதாம். இரண்டு மூன்று நாளில் அது இரட்டிப்பாக வேண்டும். இன்று காலை ஏழு மணிக்கு இரண்டாவது ரத்தம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். ரிசல்ட் சாயங்காலம்.

கூடவே லூபஸ் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க சி3, சி4, டிஎன்ஏ ஆன்டிபாடி, சிறுநீர்ப் புரதம் எல்லாம் டாக்டர் எழுதிக் கொடுத்தார். உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈஎஸ்ஆர் எழுதவில்லையே என்று கேட்டேன். அது கர்ப்பத்தில் தானாகவே ஏறும், அதை நம்ப முடியாது என்றார். சி3, சி4 கர்ப்பத்தில் ஏற வேண்டியவை, அவை இறங்கினால்தான் கவலை. எனக்கு இறங்கவில்லை. புரதமும் இல்லை. அதாவது இந்தத் தடவை தோலோடும் மூட்டோடும் நிற்கிறது, சிறுநீரகத்துக்குப் போகவில்லை. பிரெட்னிசலோனை மட்டும் கொஞ்சம் ஏற்றியிருக்கிறார். அதில் பெரும்பகுதியை நஞ்சுக்கொடியே செயலிழக்கச் செய்துவிடுவதால் குழந்தைக்குப் போவது கொஞ்சம்தானாம். வலிக்குப் பாரசிட்டமால் போதும், வேறு எதையும் கடையில் கேட்டு வாங்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். எல்லாம் சரியாக நின்றால் பன்னிரண்டாம் வாரத்திலிருந்து சின்ன ஆஸ்பிரின், பிரஷர் ஏறாமல் இருக்க.

இப்போது பகலில் வளவுப் பக்கம் வருவதில்லை. முற்றத்து வெளிச்சமே தூண் வரைக்கும் அடிக்கிறது. இரண்டாங்கட்டு அறையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். ஆத்தங்குடித் தரை குளுகுளுவென்று இருக்கிறது, காலை அதில் வைத்தால் மூட்டு வலி பாதி இறங்கினாற்போல் இருக்கிறது. மருத்துவத்தில் இதற்கு இடமில்லை, எனக்கு இருக்கிறது.

அயித்தைக்கு இன்னும் சொல்லவில்லை. ஆத்தாவுக்கும் இல்லை. சொன்னால் மறுநாளே பிள்ளையார்பட்டிக்குக் கிளம்பிவிடுவார்கள், அப்புறம் எண் இரட்டிப்பாகாவிட்டால் அவர்கள் முகத்தை யார் பார்ப்பது? உனக்கு மட்டும்தான். நீயும் யாரிடமும் மூச்சு விடாதே.

அம்மா வாக்கர் இல்லாமல் நடக்க ஆரம்பித்துவிட்டார்களா? உன் பையனுக்குக் கணக்கு டியூஷன் வேண்டாம் என்று நான் சொன்னேன் என்று சொல். அவர் ரிசல்ட் வாங்கக் கிளம்பப் போகிறார். போகிற வழியில் இதைத் தபாலில் போடக் கொடுத்துவிடுகிறேன். எண்ணை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

அன்புடன்,
மெய்யு