கதவில் எழுதிய பெயர்கள்: நம் சங்கத்தின் ஆண்டறிக்கை

தலைவர் ஐயா அவர்களுக்கும், செயலவை உறுப்பினர்களுக்கும், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு காலத்தில் லோரி ஓட்டிய அண்ணன் தம்பிமார்களுக்கும், குடும்பத்தோடு வந்திருக்கும் அக்கா தங்கைமார்களுக்கும் என் அன்பான வணக்கம்.

வழக்கமான விவரங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டுக் கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்குப் போக வேண்டிய பத்திரங்கள் போய்விட்டன. செயலவை தவறாமல் கூடியது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போட்டோம். ஆயுத பூசையை நன்றாகச் செய்தோம். கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார்.

இந்த ஆண்டு மூன்று உறுப்பினர்களை இழந்தோம். அவர்களுக்காக எழுந்து நின்று மௌனம் காத்தோம். அவர்களில் ஒருவரைப் பற்றி மட்டும் இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் வேலை செய்த நிறுவனம் மூடி முப்பது ஆண்டுக்கு மேலாகிறது. ஆனாலும் அதன் லோரிகள் அத்தனையின் எண்களையும் அவர் மனப்பாடமாகச் சொல்வார். எந்த லோரிக்கு இரண்டாவது கியர் சரியாக விழாது, எதை மழைநாளில் தள்ளித்தான் கிளப்ப வேண்டும், எதில் யார் யார் ஓட்டினார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவர் பேசுவதைப் பதிவு செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்து வைத்திருந்தோம். அதற்கு இரண்டு வாரம் முன்பே போய்விட்டார். ‘அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று நாளைத் தள்ளிப்போட்டது நான்தான். அந்த நிறுவனத்தைப் பற்றி இப்போது நம்மிடம் இருப்பது ஒரு படமும் இரண்டு ரசீதுகளும் மட்டுமே.

அதற்குப் பிறகு நாளைத் தள்ளிப்போடுவதையே நிறுத்திவிட்டோம். கோயில் மண்டபத்தில் மாதம் ஒரு ஞாயிறு, காலையில் பசியாறிவிட்டு உட்காருவோம். பேசுவதை நம் உறுப்பினர் ஒருவரின் பேத்தி கைப்பேசியில் பதிவு செய்து, வீட்டுக்குப் போய் எழுதிக் கொடுக்கிறார். அந்தப் பிள்ளைக்குச் சங்கத்தின் சார்பில் நன்றி. இந்த ஆண்டு நாம் செய்த முதன்மையான வேலை இதுதான் என்பதால் அறிக்கையின் பெரும்பகுதியும் இதைப் பற்றியே இருக்கும்.

முதல் சந்திப்பில் நம் மூத்த உறுப்பினர் பேசினார். அரசாங்கம் கம்யூனிஸ்டுகளை எதிர்த்துப் போராடிய அவசரகாலத்தில் பதினான்கு வயதுப் பையனாக லோரி உதவியாள், அதாவது கெலிண்டான், வேலைக்கு ஏறியவர் அவர். 1948 ஜூன் 16-இல் நம் ஊர்த் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்கார அதிகாரிகள் சுடப்பட்ட பிறகு நாடு முழுக்க என்ன நடந்தது என்பதை எல்லாரும் படித்திருக்கிறோம். லோரிக்காரர்களுக்கு அது எப்படி இருந்தது என்பதை அவர்தான் சொன்னார். காட்டில் இருந்தவர்களுக்கு உணவு போய்விடக் கூடாது என்பதால், அரிசியும் சீனியும் ஏற்றினால் கென்வாஸை இறுக்கிக் கட்ட வேண்டும். குறித்த சாலையில்தான் போக வேண்டும், நடுவழியில் நிற்கக் கூடாது. கயிறு அவிழ்ந்திருந்தால் தடுப்பில் நிற்கும் சிப்பாய்க்குப் பதில் சொல்ல வேண்டியவன் கெலிண்டான். “அப்போ கட்டப் பழகின முடிச்சு, இன்னைக்கும் கை மறக்கல” என்று சொல்லி, மண்டபத்து நாற்காலியில் கயிற்றைப் போட்டுக் கட்டிக் காட்டினார். இழுக்க இழுக்க இறுகுகிறது, நுனியைப் பிடித்துச் சுண்டினால் உடனே அவிழ்ந்துவிடுகிறது. அதையும் படம் எடுத்து வைத்திருக்கிறோம்.

ஏற்றிய சரக்கைப் பற்றிய பேச்சு இரண்டு சந்திப்புகளுக்கு நீண்டது. புகையூட்டிய கித்தா, அதாவது ரப்பர்த் தகடுகளை அழுத்திக் கட்டிய பேல் ஒன்று 250 பவுண்டு, கிட்டத்தட்ட 113 கிலோ. அதை இரண்டு பேர் கொக்கி போட்டுப் புரட்டித்தான் ஏற்றுவார்கள். 1965-இல் மலேசிய ரப்பருக்கான எஸ்.எம்.ஆர். தர முறை வந்த பிறகு 33.3 கிலோ சிப்பங்கள் வந்தன. 30 சிப்பம் சேர்ந்தால் ஒரு டன். கணக்குப் பார்ப்பதும் எளிதானது, முதுகும் பிழைத்தது என்றார்கள். கித்தாப் பால் லோரி ஓட்டியவர்கள் அமோனியாவைப் பற்றிச் சொன்னார்கள். பால் உறையாமல் இருக்க அதைக் கலப்பார்கள். டாங்கி மூடியைத் திறக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளாவிட்டால் கண் எரிச்சல் அன்று முழுக்க விடாது.

இதில் எனக்கே புதிதாக இருந்தது ஈயம், அதாவது வெள்ளீயம், ஏற்றிய கதை. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களான லம்பங்களிலிருந்து பினாங்கு டத்தோ கிராமாட்டில் இருந்த உருக்காலைக்கும் பட்டர்வொர்த் உருக்காலைக்கும் ஈய மண் போகும். அது தண்ணீரைவிட ஏறக்குறைய ஏழு மடங்கு கனம். சின்னச் சின்ன மூட்டைகளை லோரியின் தரையில் ஒரே அடுக்காகப் பரப்பினாலே பாரம் முடிந்துவிடும். பார்ப்பவர்களுக்கு வெறும் லோரி போலத் தெரியும், ஸ்பிரிங்கோ நேராகிக் கிடக்கும். அந்த லோரியைப் பின்னால் ஒட்டி வந்து, ‘காலி லோரிதானே, ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறான்’ என்று ஹார்ன் அடிப்பவர்களை நினைத்து இன்றும் அவர்களுக்குக் கோபம் வருகிறது.

அப்புறம் நிறுவனங்களைப் பற்றி. அந்தக் காலத்தில் யாரும் நிறுவனத்தின் முழுப்பெயரைச் சொல்வதில்லை. ‘பச்சை லோரி’, ‘சிவப்பு மூக்கு’, ‘பழைய சந்தைத் தவுக்கே’ என்றால்தான் தெரியும். முழுப்பெயர் கதவில் இருக்கும். கதவில் நிறுவனத்தின் பெயர், அதன் கீழே வெறும் லோரியின் எடை, பாரத்தோடு எடை, அத்தோடு எந்த வகை உரிமம் என்ற எழுத்து. ‘ஏ’ என்றால் வாடகைக்கு யார் சரக்கையும் ஏற்றலாம். ‘சி’ என்றால் சொந்தச் சரக்கு மட்டும். தோட்டத்து லோரிகள் ‘சி’. தோட்டத்தில் ‘சி’ லோரி ஓட்டிய பையனுக்கு ‘ஏ’ லோரியில் ஏறுவதுதான் கனவு. லயத்தை விட்டு வெளியே போகவும், ஈப்போவையும் தைப்பிங்கையும் தாண்டிப் பார்க்கவும் பலருக்குக் கிடைத்த முதல் வழி அந்த எழுத்துதான். நானும் அப்படிப் போனவன்.

அந்த முதலாளிகளான தவுக்கேமார்களைப் பற்றி நல்லதும் கெட்டதும் இரண்டையும் எழுதச் சொல்லியிருக்கிறோம். ஆயுத பூசைக்கு முந்தின நாள் லோரியைக் கழுவ விடுமுறை கொடுத்து, மறுநாள் காலையில் தானே வந்து நின்று, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்குவதைப் பார்த்துவிட்டு, எல்லாருக்கும் அங்பாவ் உறையில் பணம் கொடுத்த தவுக்கே ஒருவரைப் பற்றி நான்கு பேர் தனித்தனியாகச் சொன்னார்கள். நால்வர் சொன்னதும் ஒத்துப்போனது. பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு முன்பணம் கொடுத்தவர்களும் இருந்தார்கள், அந்த முன்பணத்தைக் காட்டியே ஆளை வேறு எங்கும் போகவிடாமல் வைத்திருந்தவர்களும் இருந்தார்கள்.

நிறுவனங்களின் பெயர்களை இந்த அறிக்கையில் நான் எழுதவில்லை. அந்தக் குடும்பத்தார் பலர் இன்னும் இதே ஊரில் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்பது செயலவையின் முடிவு. கேட்கப் போன இடங்களில் நமக்குக் கிடைத்த மரியாதையைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு வீட்டில் தவுக்கேயின் மகள் பழைய படங்களை எடுத்து வந்து காட்டினார். அதில் தன் அப்பாவோடு நிற்கும் ஓட்டுநர்கள் யார் யார் என்று நம்மிடமே கேட்டு, பின்பக்கம் பென்சிலால் எழுதி வைத்துக்கொண்டார்.

பழைய பெருஞ்சாலையைப் பற்றிய சந்திப்புக்குத்தான் கூட்டம் அதிகம். இங்கிருந்து வடக்கே போனால் கோலகங்சாரில் இஸ்கண்டார் பாலம், பிறகு பாடாங் ரெங்காஸ், அதைத் தாண்டினால் புக்கிட் பெராப்பிட் மலை. பாரத்தோடு ஏறும் பெட்போர்டு மூக்கு லோரி அங்கே நடக்கும் வேகத்துக்கு வந்துவிடும். கெலிண்டான் கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்து வருவான். லோரி பின்னால் நகர்ந்தால் சக்கரத்துக்கு அடியில் போட வேண்டும். மலை ஏறும் முன் முனியாண்டிக்கு ஒரு தேங்காய், ஒரு சுருட்டு. இறங்கும்போது எல்லாருக்கும் ஒரே பாடம்: எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடேறும், சூடேறினால் பிடிக்காது.

1987-இல் ஈப்போவிலிருந்து சங்காட் ஜெரிங்குக்கு நெடுஞ்சாலை திறந்தார்கள். ஏறக்குறைய 800 மீட்டர் நீள மெனோரா சுரங்கப்பாதையும் அதோடு சேர்ந்து வந்தது. அது நம் ஊருக்குள் வராமலே மலையைக் குடைந்து கோலகங்சாருக்குப் போய்விட்டது. இரவெல்லாம் லோரி நின்ற ஒட்டுக்கடைகளும் டயர்க் கடைகளும் சில ஆண்டுகளிலேயே அமைதியாகிவிட்டன. ஆனால் இறக்கப் பாடம் அங்கேயும் மாறவில்லை. சுரங்கத்திலிருந்து ஈப்போ பக்கம் இறங்கும் நீண்ட சரிவின் அடியில் ஜெலாப்பாங் டோல் சாவடி இருந்தது. பிரேக் பிடிக்காத லோரிகள் அங்கே வந்து மோதிய விபத்துகளை நாம் எல்லாரும் அறிவோம். கடைசியில் 2009-இல் அந்தச் சாவடியையே எடுத்துவிட்டார்கள். நம் உறுப்பினர்கள் இருவர் அந்தச் சரிவில் தங்கள் கண் முன்னே நடந்ததைச் சொன்னபோது மண்டபத்தில் யாரும் பேசவில்லை. அந்தப் பதிவைக் குடும்பத்தார் விருப்பப்படி தனியாக வைத்திருக்கிறோம்.

பழைய நிறுவனங்கள் ஏன் மூடின என்பதில் காரசாரமான பேச்சு நடந்தது. பலர் நெடுஞ்சாலையைக் குறை சொன்னார்கள். என் கருத்து வேறு, அன்று சொன்னதை இங்கும் பதிவு செய்கிறேன். 1973-இல் போர்ட் கிள்ளானில் கொள்கலன் முனையம் தொடங்கியதுமே மாற்றம் ஆரம்பித்துவிட்டது. அதற்கு முன்பே 1971-இல் கொள்கலன் ஏற்றும் நிறுவனமான கொந்தேனா நேஷனல் உருவாகியிருந்தது. பெட்டியைத் தூக்க இழுவை லோரியும் டிரெய்லரும் வேண்டும், அதற்கான முதலீடு பத்து லோரி வைத்திருந்த தவுக்கேயிடம் இல்லை. 1985 அக்டோபரில் ஈய விலை விழுந்ததும் லம்பங்கள் வரிசையாக மூடின. கித்தா வெட்டிய இடத்தில் செம்பனை நட்டார்கள். குலையை வெட்டிய 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்க்க வேண்டும் என்பதால் ஆலைகள் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே வந்தன, தூர ஓட்டம் குறைந்தது. இவ்வளவும் நடந்து சரக்கே கைவிட்டுப் போன பிறகுதான் நெடுஞ்சாலை வந்தது. இதை ஏற்காதவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சொன்னதும் பதிவேட்டில் அப்படியே இருக்கிறது.

கிழக்குக் கரைக்கு ஓடியவர்களுக்கு அரை நாள் ஒதுக்கினோம், அது போதவில்லை. 1982-இல் கிரிக்கிலிருந்து ஜெலிக்குக் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை திறக்கும்வரை, இங்கிருந்து கோத்தா பாருவுக்குச் சரக்கு கொண்டுபோக வேண்டுமானால் கோலாலம்பூர், குவாந்தான், திரங்கானு என்று நாட்டையே சுற்ற வேண்டும். திறந்த பிறகும் முதல் சில ஆண்டுகள் இரவில் விடமாட்டார்கள். தடுப்பில் லோரியை நிறுத்திவிட்டு, விடியும்வரை அடியில் தொட்டில் கட்டிப் படுத்ததைச் சொன்னார்கள். சாலையில் யானை நின்றால் விளக்கை அணைத்துவிட்டு அது போகும்வரை காத்திருப்பார்களாம். அடுத்த ஆண்டு இதற்கு ஒரு முழு நாள் ஒதுக்க வேண்டும்.

ஒரு சந்திப்பு முழுவதையும் அக்காமார்களுக்கு விட்டோம். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். புருஷன் எந்த ஊரில் இருக்கிறார் என்று தெரியாமல் மூன்று நான்கு நாள் ஓட்டிய காலம் அது. வீட்டில் தொலைபேசி இல்லை. நிறுவனத்துக் கிராணியிடம் போய்க் கேட்டால், ‘தைப்பிங் தாண்டியாச்சு’ என்ற ஒரு சொல்தான் கிடைக்கும். ஓர் அக்கா சொன்னார்: “லோரி சத்தத்த வச்சே எங்க ஆள்தான்னு கண்டுபிடிச்சிருவேன். அதுக்கப்புறம்தான் உலையில அரிசி போடுவேன்.”

இனி என் சொந்தக் கதை ஒன்று, காரணத்தோடுதான் சொல்கிறேன். நான் ஒரு நிறுவனத்தில் பதினோரு ஆண்டு ஓட்டினேன். ஓட்டத்துக்கு இவ்வளவு என்று கையில் காசு. சேமநிதி பிடிக்கிறோம் என்றுதான் சொன்னார்கள். ஐம்பத்தைந்து வயதில் ஊழியர் சேமநிதி அலுவலக முகப்பில் போய் நின்றபோது, அந்தப் பதினோரு ஆண்டுக்கு என் பெயரில் ஒரு காசும் இல்லை. அதற்குள் நிறுவனம் மூடிவிட்டது. நான் அங்கே வேலை செய்ததற்குச் சம்பளச் சீட்டு இல்லை, கடிதம் இல்லை. இந்த மண்டபத்தில் இதே கதை இன்னும் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று கேட்டேன். தூக்கிய கைகளை நான் எண்ணவில்லை, எண்ண மனம் வரவில்லை. போன காசு இனித் திரும்பாது. ஆனால் நான் அந்த லோரியில் இருந்தேன் என்று சொல்ல, கூட ஓட்டியவர் ஒருவர் போன மாதம் எழுந்து நின்றார். லோரி எண்ணையும், நாங்கள் சேர்ந்து போன ஓட்டங்களையும், பாடாங் ரெங்காஸில் டயர் வெடித்த இரவையும் சொன்னார். அது இப்போது எழுத்தில் இருக்கிறது. ஒவ்வொரு உறுப்பினருக்கும் இப்படி ஒரு பக்கமாவது எழுதிவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை.

ஆகவே செயலவை சார்பில் கேட்டுக்கொள்கிறேன். பழைய லைசென்ஸ் புத்தகம், ரசீது, படம், தவுக்கே கொடுத்த நாட்காட்டி என எதுவாக இருந்தாலும் கொண்டுவாருங்கள். படியெடுத்துவிட்டு அன்றே திருப்பித் தருவோம். உறுப்பினர் ஒருவர் தன் வீட்டுக் கோழிக்கூண்டுக்குக் கதவாக வைத்திருந்த பெட்போர்டு லோரிக் கதவைச் சங்கத்துக்குக் கொடுத்திருக்கிறார். துருவைத் தேய்த்தபோது நிறுவனத்தின் பெயரும், ‘ஏ’ என்ற எழுத்தும், பாரக் கணக்கும் வெளியே வந்தன. அதன் மேல் புதுச் சாயம் அடிக்க வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம். பின்னால் சுவரோரம் வைத்திருக்கிறோம், கூட்டம் முடிந்ததும் பாருங்கள். அந்த லோரியை ஓட்டியவர் யார் என்று தெரிந்தவர்கள் என்னிடம் சொல்லுங்கள்.

அடுத்த சந்திப்பு வரும் மாதம் முதல் ஞாயிறு, காலை 9 மணி, அதே கோயில் மண்டபம். நடக்க முடியாதவர்களை வீட்டுக்கே வந்து அழைத்துப்போகத் தம்பிமார்கள் இருவர் வண்டியோடு முன்வந்திருக்கிறார்கள். பெயரை இன்றே கொடுத்துவிட்டுப் போங்கள்.

நன்றி, வணக்கம்.

செயலாளர்