பாயின்ட்டைக் கழற்றுமுன் டைமிங்கை அளக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய டூ-ஸ்ட்ரோக் பைக்குகளில் பாயின்ட்டை (தீப்பொறிக்கான மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் தொடுமுனையை) எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் பொருத்தினால் வேகமும் மைலேஜும் தானாகவே கூடிவிடும் என்று தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1980களில் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் தயாரித்த ராஜ்தூத் 350 ஒன்றை இன்றளவும் ஓட்டி வருபவன் என்ற முறையில் இந்த மாற்றத்தை வரவேற்கிறேன். ஆனால் அதற்குக் கட்டுரையாளர் சொன்ன காரணம் சரியன்று, சொல்லாமல் விட்டதோ எஞ்சினையே கெடுக்கக்கூடியது.

டூ-ஸ்ட்ரோக்கில் க்ராங்க் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் தீப்பொறி வேண்டும் என்பதால், நிமிடத்துக்கு 6,000 சுற்றில் பாயின்ட் நொடிக்கு 100 முறை திறந்து மூடுகிறது. கேம் மீது உரசும் ஃபைபர் கட்டை தேயத் தேய இடைவெளி குறைகிறது, தீப்பொறியும் தாமதமாகிறது. ராஜ்தூத் 350-ல் இரண்டு சிலிண்டருக்கும் தனித்தனிப் பாயின்ட். இரண்டும் ஒன்றுபோலத் தேய்வதில்லை. எலக்ட்ரானிக் அமைப்பில் உரசும் பாகம் இல்லாததால் ஒருமுறை வைத்த டைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரம், அப்படியே நிற்கிறது. அதன் பெரிய ஆதாயம் இதுதான். ஒழுங்காக வைத்த புதுப் பாயின்ட்டைவிட அது வண்டியைப் பறக்க வைத்துவிடாது. மின்தேக்கியில் சேர்த்த மின்னூட்டத்தை ஒரே வீச்சில் பாய்ச்சும் சிடிஐ வகையில் மின்னழுத்தம் சட்டென்று உயர்வதால் ஆயில் படிந்த பிளக்கிலும் தீப்பொறி விழும் என்பது, புகையோடு வாழும் நம் வண்டிகளுக்குக் கூடுதல் வசதி.

டைமிங்கைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. என் வண்டியில் எலக்ட்ரானிக் இக்னிஷன் யூனிட்டைப் பொருத்திய மெக்கானிக், பழைய தட்டில் இருந்த கோட்டைக் கண்ணால் பார்த்தே வைத்துக் கொடுத்தார். கிக்கரை ஒரு முறை மிதித்ததும் ஸ்டார்ட் ஆனதில் எனக்கும் ஏக மகிழ்ச்சி. அந்த வாரமே ஏற்காடு மலைப்பாதையில் ஏறும்போது, டேங்குக்கு அடியிலிருந்து சல்லடையில் கோலிக்குண்டை உருட்டுவது போல ஒரு சத்தம் கேட்டது. ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால், வலது பிஸ்டனின் மேற்புற ஓரம் மணல் அரித்தது போலச் சொரசொரவென்று இருந்தது. பிளக் துளையில் டயல் கேஜை (நுண்ணிய நகர்வை அளக்கும் கருவியை) பொருத்தி அளந்தபோது, பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்கு 2 மில்லிமீட்டர் முன்பு விழ வேண்டிய தீப்பொறி ஏறத்தாழ 3 மில்லிமீட்டருக்கு முன்பே விழுந்துகொண்டிருந்தது. இந்த எஞ்சினில் அந்த இடத்தில் 0.2 மில்லிமீட்டர் என்பது க்ராங்க் சுழற்சியில் ஏறக்குறைய ஒரு டிகிரி. கண் அளவில் தப்பும் ஒரு மில்லிமீட்டர், பிஸ்டனில் ஓட்டை போடப் போதும். யூனிட்டில் குறையே இல்லை.

இன்னொன்று, பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் பழைய காயிலையே சிடிஐ யூனிட்டோடு இணைக்கும் வழக்கம். பாயின்ட்டுக்கான காயிலின் முதன்மைச் சுற்றில் மின்தடை சில ஓம் இருக்கும். சிடிஐ காயிலில் பொதுவாக 1 ஓமுக்கும் குறைவு. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போடக் கூடாது. பிளக் கேப்பும் ரெசிஸ்டர் உள்ளதாக இருப்பது நல்லது. இல்லாவிட்டால் தீப்பொறியின் இரைச்சலே யூனிட்டைக் குழப்பி மிஸ்ஃபயர் செய்ய வைக்கலாம். பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்கும் வகையானால், ஹெட்லைட் எரியும்போது ஐட்லிங்கில் எத்தனை வோல்ட் நிற்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். சார்ஜிங் சோர்ந்த வண்டியில் புது யூனிட் நடுவழியில் காலை வாரிவிடும்.

மிஸ்ஃபயர் ஆகும் வண்டிக்கெல்லாம் இக்னிஷன்தான் காரணம் என்று கட்டுரை முடிவு கட்டியதும் எனக்கு உடன்பாடில்லை. க்ராங்க் ஆயில் சீல் தேய்ந்து காற்றை இழுத்தாலும் எஞ்சின் இதே போலத்தான் திக்கும். பாயின்ட் முனைகளில் பொறி பறக்காமல் காக்கும் கண்டன்சர் கெட்டுப்போனாலும் இதே கதிதான். கண்டன்சர் விலை யூனிட் விலையில் மிகச் சிறு பங்குதான் (எங்கள் ஊரில் அசல் கிடைப்பது அரிது என்பது வேறு கதை).

இக்கட்டுரைத் தொடரின் அடுத்த பகுதியில் டயல் கேஜ், டைமிங் லைட் ஆகியவற்றைக் கொண்டு டைமிங்கைச் சரிபார்க்கும் முறையைப் படத்துடன் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கழற்றிய பாயின்ட் தட்டை எடைக்குப் போட்டுவிடாமல், காயில்களோடு சேர்த்து எண்ணெய்த் துணியில் சுற்றி வைக்கவும் வாசகர்களுக்குச் சொல்லலாம். என்னுடையது இப்போதும் டூல் பாக்ஸில் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
சேலம்.