செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இன்று வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம். அவர்களுக்கு இந்த அறிக்கை வாட்ஸ்அப்பில் போகும், நீல டிக் விழும், பதில் வராது.

பெரம்பூரில் நம் ராக் இசை ரசிகர் சங்கம் தொடங்கி 23 ஆண்டுகள் ஆகின்றன. 2002இல், பிங்க் ஃபிளாய்ட் என்ற இங்கிலாந்து ராக் குழுவில் இருந்த ரோஜர் வாட்டர்ஸ் பெங்களூருக்குக் கச்சேரிக்கு வந்தபோது இங்கிருந்து நான்கு பேர் போனோம். திரும்பும் ரயிலில் உட்கார இடமில்லை. கதவோரம் நின்றுகொண்டு விடிய விடியப் பேசியதுதான் பிறகு சங்கமானது. அந்த நால்வரில் இன்றும் உறுப்பினர் பட்டியலில் விடாமல் இருப்பவன் நான் ஒருவன்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை, பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது.

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமைக் கூட்டங்கள் பன்னிரண்டில் பத்து நடந்தன. நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல், நடத்தவில்லை. டிசம்பரில் பாதிப் பேர் சபா கேன்டீனில் இருப்பார்கள் என்பதால் நடத்தவில்லை. ஆகஸ்டில் கிட்டார் பராமரிப்பு பற்றி ஓர் உறுப்பினர் பேசினார். ஜனவரியில் பொங்கல் சந்திப்பு, ஆளுக்கொரு கரும்புத் துண்டு வழங்கப்பட்டது. மற்றவை வழக்கம்போல்.

ஜூன், ஜூலைக் கூட்டங்களைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. செலவு குறித்து செயற்குழுவில் கேள்வி எழுந்ததால் சொல்கிறேன், வேறு நோக்கம் இல்லை.

பிங்க் ஃபிளாய்டின் முழு வரலாற்றையும் இரண்டு பகுதிகளாக, பாட்டுகளோடு சேர்த்துச் சொல்வது என்று பிப்ரவரியிலேயே முடிவாகியிருந்தது. நான்கு மாதம் தயாரித்தேன். 1967 மே மாதம் லண்டன் குயீன் எலிசபெத் ஹாலில் அவர்கள் ஒலியை அரங்கின் நான்கு பக்கமும் சுற்றவிட்டார்கள். அதற்கென்று கைப்பிடி வைத்த ஒரு பெட்டியே செய்யப்பட்டது. ஒருவர் கைப்பிடியைத் திருப்பத் திருப்ப, ஓசை நம் முதுகுக்குப் பின்னால் போய் வரும். அதை வாயால் சொல்லி என்ன பயன்? ஹாலின் நான்கு மூலையிலும் ஸ்பீக்கர் வைத்தாக வேண்டும் என்றேன். சங்கத்தில் இரண்டு இருந்தன. இன்னும் இரண்டை ரிச்சி தெருவில் நானே அலைந்து வாங்கினேன். ஒயர் தடுக்கி யாரும் விழக் கூடாதென்று தரை முழுக்க பிரவுன் டேப் ஒட்டியதும் நான்தான். அதை உரித்ததும் நான்தான்.

முதல் பகுதி ஜூன் 29. அன்றைக்குத்தான் டி20 உலகக் கோப்பை இறுதி ஆட்டம். மேட்ச் எட்டு மணிக்கு, நம் கூட்டம் ஐந்தரைக்கு. இரண்டுக்கும் நடுவில் இரண்டரை மணி நேரம் இருக்கிறது என்று குரூப்பில் மூன்று தடவை போட்டேன். 64 உறுப்பினர்களில் வந்தவர்கள் 11 பேர். அதில் ஒருவர் ஸ்கோர் போர்டு இருக்கிறதா என்று கேட்டார். இந்தியா கோப்பையை வென்றது. எனக்கும் மகிழ்ச்சிதான்.

வராதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாட்டர்ஸ், நிக் மேசன், ரிச்சர்ட் ரைட் மூவரும் லண்டன் ரீஜன்ட் ஸ்ட்ரீட் பாலிடெக்னிக்கில் கட்டடக்கலை படிக்கப் போனவர்கள். அங்கே கூடிய குழு பல பெயர் மாறி, ஒரு கட்டத்தில் 'டீ செட்' என்று இருந்தது. (நம் சங்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.) அதே பெயரில் இன்னொரு குழுவும் இருந்ததால், கேம்பிரிட்ஜிலிருந்து வந்து சேர்ந்த சிட் பாரெட் தன்னிடமிருந்த இசைத்தட்டுகளை நினைத்து, பிங்க் ஆண்டர்சன், ஃபிளாய்ட் கவுன்சில் என்ற இரண்டு அமெரிக்க ப்ளூஸ் பாடகர்களின் பெயரிலிருந்து ஆளுக்குப் பாதியை எடுத்து ஒட்டினார். முதல் ஆல்பம் 1967இல் வந்தது. அதில் பெரும்பாலான பாட்டுகள் சிட் எழுதியவை. அந்த ஆண்டு முடிவதற்குள் அவர் நிலை குலைந்துவிட்டது. எல்எஸ்டி என்ற போதைப்பொருளும் ஒரு காரணம் என்பார்கள். மேடையில் ஒரே சுருதியை மீட்டிக்கொண்டு நிற்பாராம். பழைய நண்பர் டேவிட் கில்மோரைத் துணைக்குச் சேர்த்தார்கள். சில வாரம் ஐந்து பேர். 1968 ஜனவரியில் ஒரு நிகழ்ச்சிக்கு வண்டியில் கிளம்பும்போது, சிட்டை ஏற்றிக்கொள்ளலாமா என்று ஒருவர் கேட்க, வேண்டாம் விடு என்றார் இன்னொருவர். அவ்வளவுதான். கூட்டம் போட்டு யாரும் நீக்கவில்லை. வண்டி அந்தத் தெருவுக்குள் திரும்பவில்லை, அவ்வளவே.

குயீன் எலிசபெத் ஹால் விஷயத்துக்குப் பின்கதை ஒன்று உண்டு. சோப்புக் குமிழியும் மிதிபட்ட பூவும் இருக்கைகளைக் கறையாக்கியதென்று, இனி இந்த ஹால் உங்களுக்கு இல்லை என்றது நிர்வாகம். ஒலியைச் சுற்றவிட்ட பெட்டியும் அன்றே திருடு போனது. நமக்கும் ஹால் உரிமையாளர் ஜூலையில் கடிதம் கொடுத்திருக்கிறார். காரணம் கேசரி. நெய்க் கறை இரண்டு நாற்காலிகளில் இன்னும் இருக்கிறது. அன்று ஒரு சுருள் ஒயரும் காணாமல் போனது. எடுத்தவர் யாரென்று தெரியும், சொல்லப் போவதில்லை.

இரண்டாம் பகுதி ஜூலை 27. வந்தவர்கள் 19. 'டார்க் சைட் ஆஃப் த மூன்' முழுவதையும் நான்கு மூலையிலும் போட்டோம். 1973இல் வந்து, அமெரிக்க பில்போர்டு ஆல்பம் பட்டியலில் 1988 வரை மொத்தம் 741 வாரம் இருந்த ஆல்பம். முக்கோணக் கண்ணாடியும் வானவில்லும் போட்ட அந்த அட்டைதான் இன்று பாண்டி பஜார் நடைபாதையில் டி-ஷர்ட்டாகத் தொங்குகிறது. அதில் பணத்தைப் பற்றிய பாட்டு காசுச் சத்தத்தில் தொடங்கும். வாட்டர்ஸ் தன் மனைவி மண்பாண்டம் செய்யக் களிமண் பிசையும் பாத்திரத்தில் சில்லறையைக் கொட்டிப் பதிவு செய்தார். காசு, கிழியும் காகிதம், கல்லாப் பெட்டி என்று ஒவ்வொரு சத்தத்தையும் ஸ்கேல் வைத்து அளந்து நாடாவை வெட்டி, வளையமாக ஒட்டி ஓடவிட்டார்கள். அந்த வளையத்தில் ஏழு அடி.

நம் மூத்த உறுப்பினர் ஒருவர், மிருதங்கம் தெரிந்தவர், ராக் பிடிக்காது, வீட்டில் எல்லாரும் கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள் என்று வந்திருந்தார். மூலைக்கு மூலை காசு விழ ஆரம்பித்ததும் தொடையில் கை போனது. "தகிட தகதிமி... ஏழுடா இது, மிஸ்ர சாபு மாதிரி" என்றார் சத்தமாக. சாக்ஸபோன் முடியும் வரை கை விடவில்லை. கில்மோரின் கிட்டார் எடுத்த இடத்தில் கை அந்தரத்தில் நின்றது. "அட, நாலுக்குப் போயிட்டானே!" பிறகு திரும்பி என்னைப் பார்த்து, தாளத்தை நானே மாற்றிவிட்டது போல முறைத்தார். அந்த ஒரு முறைப்புக்கு இரண்டு ஸ்பீக்கர் வாங்கலாம் என்பது என் கருத்து. செயற்குழு வேறு மாதிரி நினைக்கிறது.

சில்லறைச் சத்தம் ஓடிக்கொண்டிருந்தபோதே பொருளாளர் எழுந்து சந்தா நினைவூட்டினார். பலர் அதையும் பாட்டின் பகுதி என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

அன்று கடைசி வரிசையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மொட்டைத் தலை, திருப்பதி போய் வந்திருக்க வேண்டும். உடம்பு நன்றாகப் போட்டிருந்தது. இடைவேளையில் அவரிடம் போய், "சாருக்கு நம்ம ஏரியாதானா? புதுசா சேர்றீங்களா?" என்று கேட்டு விண்ணப்பத்தைக் கொடுத்தேன். சிரித்தார். நிரப்பினார். 600 ரூபாய் கொடுத்தார். இரவு வீட்டில் ரசீதுப் புத்தகத்தைச் சரிபார்க்கும்போதுதான் பெயரைப் பார்த்தேன். அந்த ரயிலில் கதவோரம் என்னோடு நின்றவர், சங்கத்துக்குப் பெயர் வைத்தவர். 2011இல் வருவதை நிறுத்தினார். நாங்களும் போய்க் கூப்பிடவில்லை.

விஷயம் என்னவென்றால், அரை மணி நேரத்துக்கு முன்புதான் நான் மைக்கில் 1975 ஜூன் 5 பற்றிச் சொல்லியிருந்தேன். சிட்டை நினைத்து எழுதிய பாட்டுக்காகக் குழுவினர் ஏபி ரோடு ஸ்டுடியோவில் வேலை செய்துகொண்டிருந்த நாளில், தலையும் புருவமும் மழித்த பருத்த ஆள் ஒருவர் உள்ளே வந்து நின்றார். ஏழு வருடம் முன்பு ஒன்றாக வாசித்தவர்களுக்கு அது சிட் என்று தெரியவே நேரமானது. தெரிந்ததும் வாட்டர்ஸ் அழுதார். நான் இதை உணர்ச்சியோடு சொன்னேன் என்று பாராட்டினார்கள். சரி. அவருக்குப் போன் செய்தேன், மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. அந்த 600 ரூபாய் வரவில்தான் இருக்கிறது. இந்த ஆண்டு குறித்த காலத்தில் வந்த சந்தாக்களில் அதுவும் ஒன்று.

அடுத்து, பெயர் விவகாரம். முன்னாள் துணைத் தலைவர் நம் சங்கத்தின் பெயரிலேயே, பின்னால் 'ஒரிஜினல்' என்று சேர்த்து, தனி வாட்ஸ்அப் குரூப் நடத்துவது உங்களுக்குத் தெரியும். நம்மவர்கள் 22 பேர் இரண்டிலும் இருக்கிறார்கள். அங்கே மட்டும் பதில் போடுகிறார்கள். இதற்கும் ஒரு முன்னுதாரணம் உண்டு. 1979இல் 'த வால்' (சுவர்) ஆல்பம் வந்தபோதே பிங்க் ஃபிளாய்ட் குழுவில் பேச்சுவார்த்தை குறைந்துவிட்டது. ரைட்டை வெளியே போகச் சொன்னார்கள். ஆனாலும் 1980, 81 மேடைகளில் அவர் சம்பளத்துக்கு வாசித்தார். மேடையில் சுவர் கட்டி இடித்ததில் மற்ற மூவருக்கும் நஷ்டம், சம்பள ஆளான அவர் ஒருவருக்குத்தான் காசு மிஞ்சியது. (நம் சங்கத்தில் அந்த இடம் ஹால் வாட்ச்மேனுடையது.) 1985இல் வாட்டர்ஸ் விலகினார். நான் இல்லாமல் இந்தப் பெயர் கூடாது என்று அடுத்த ஆண்டு நீதிமன்றம் போனார். மற்றவர்கள் 1987இல் அதே பெயரில் புது ஆல்பம் போட்டார்கள். அந்த டிசம்பரில் தேம்ஸ் நதியில் நிற்கும் கில்மோரின் படகு வீட்டில் உட்கார்ந்து பேசி முடித்தார்கள்: பெயர் இருந்து வேலை செய்கிறவர்களுக்கு, 'த வால்' வாட்டர்ஸுக்கு. நால்வரும் மறுபடி ஒரே மேடையில் நின்றது 2005 ஜூலை 2 அன்று, லண்டன் ஹைட் பார்க்கில், ஒரே ஒரு தடவை. மறு வருடம் சிட் இறந்துபோனார், 2008இல் ரைட்.

நமக்குப் படகு இல்லை. என் வீட்டு மொட்டை மாடி இருக்கிறது. முன்னாள் துணைத் தலைவர் வரட்டும், பேசலாம். 'ஒரிஜினல்' என்ற சொல்லை அவரே வைத்துக்கொள்ளட்டும்.

முதல் ஆல்பத்திலிருந்து 2014இல் வந்த கடைசி ஆல்பம் வரை, 15 ஸ்டுடியோ ஆல்பங்களிலும் இருந்தவர் டிரம்ஸ் வாசித்த மேசன் ஒருவர்தான். பின்னால் உட்கார்ந்திருப்பவரை யாரும் பார்ப்பதில்லை. இது தகவலுக்காக.

வரவு செலவு. பொருளாளர் தனியே வாசிப்பார். மொத்தத்தில் வரவும் செலவும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன, சில மாதங்களில் விலகியும் நின்றன. சில்லறைச் செலவு என்ற தலைப்பில் உள்ள தொகை கேசரி, டீ, நாற்காலி துடைக்க வாங்கிய திரவம் ஆகியவை சேர்ந்தது. சந்தா செலுத்தியவர்கள் 27. செலுத்தாதவர்கள் 37, அதாவது 22,200 ரூபாய். பெயர் வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. பட்டியல் என் பையில் இருக்கிறது. இரண்டு ஸ்பீக்கரும் ஒயரும் 18,400. செயற்குழு அனுமதித்தது 10,000. மீதி 8,400ஐ இப்போதைக்கு நான் போட்டிருக்கிறேன். கடந்த அக்டோபரில் பிங்க் ஃபிளாய்ட் தங்கள் பதிவுகளின் உரிமையைச் சுமார் 40 கோடி டாலருக்கு சோனியிடம் விற்றதாகச் செய்தி வந்தது. அந்த நேரத்தில் நான் 8,400 பற்றிப் பொருளாளருக்கு மூன்றாவது கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன்.

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், இன்னும் இடம் தந்துகொண்டிருக்கும் ஹால் உரிமையாளருக்கும், டீ கொடுத்த தம்பிக்கும், கணக்குச் சரிபார்த்தவருக்கும், நாலு மூலை ஸ்பீக்கரையும் மாடிக்குத் தூக்கி உதவிய கல்லூரி மாணவர்கள் இருவருக்கும் நன்றி. அந்த இருவரும் உறுப்பினர்கள் அல்ல.

வரும் ஆண்டுக்கு டீப் பர்ப்பிள் என்ற இன்னொரு ராக் குழுவின் வரலாற்றை எடுக்கலாம் என்று ஒரு யோசனை. அவர்கள் ஆள் மாற்றிய கணக்குக்கே மூன்று கூட்டம் வேண்டும். ஆனால் அதை நான் செய்வேனா என்பது தெரியாது. செயலாளர் பொறுப்பைத் தொடர எனக்கு விருப்பமில்லை என்று சென்ற ஆண்டும் சொன்னேன், அதற்கு முந்தைய ஆண்டும் சொன்னேன். யாராவது கை தூக்கினால் பதிவேட்டை இன்றே கொடுத்துவிடுவேன். ஸ்பீக்கர்கள் இப்போது என் வீட்டு ஹாலில்தான் இருக்கின்றன. அவற்றின் மேல் வடாம் டப்பா ஏறியிருக்கிறது. இந்தக் கோடை முடிவதற்குள் அவை சங்கத்துக்கா, என் வீட்டுக்கா என்று ஒரு முடிவு சொன்னால் வீட்டம்மாவுக்குப் பதில் சொல்ல வசதியாக இருக்கும்.

சந்தாவுக்கான கியூஆர் அட்டையை வாசலில் டீ கெட்டிலுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் டீ உண்டு.

செயலாளர்
பெரம்பூர், சென்னை 600 011