உன் பையில் பார்த்த மாத்திரை அட்டை

பாலக்கோடு
ஞாயிறு ராத்திரி

அன்புள்ள காவேரிக்கு,

நலம்தானே? இங்கே எல்லாரும் நலம், மருமகள் உட்பட. கடிதம் எழுதி ரெண்டு வருஷம் இருக்கும். போனில்தான் பேசிக்கொள்கிறோமே என்று சோம்பலாக இருந்துவிட்டேன். ஆனால் இந்த விஷயத்தைப் போனில் ஆரம்பித்தால் நீ குறுக்கே புகுந்து பேச்சை உன் பேரன் பக்கம் திருப்பிவிடுவாய். அதனால் எழுதுகிறேன். முழுசாகப் படி.

கிருஷ்ணகிரி கல்யாணத்தில் பந்தி முடிந்து வெற்றிலை எடுக்க உன் பையைத் திறந்தேன். உள்ளே ஒரு வலி மாத்திரை அட்டை, பத்தில் ஏழு காலி. அதற்கு முன்னாலேயே மண்டபத்துப் படியில் கவனித்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் ரெண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறினாய். டீச்சர் டிரெயினிங் ஹாஸ்டல் சுவரை வார்டனுக்கு முன்னால் தாண்டிய காவேரியா இது? கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. அதே அட்டையை மூன்று மாசம் தலையணைக்கு அடியில் வைத்திருந்தவள் நான். எந்த மூஞ்சியோடு கேட்பது?

எனக்கு ஆடி மாசம் தொடங்கியது. பகலெல்லாம் ஒன்றும் இல்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு, மார்க்கெட்டுக்குத் தக்காளி லாரி போகிற சத்தம் கேட்கும் நேரத்தில், வலது முட்டிக்குள்ளே யாரோ பல்லை நறநறவென்று கடிக்கிற மாதிரி வலி. எழுந்து வராண்டாவில் நாலு தடவை நடந்தால் குறையும். படுத்தால் திரும்ப வரும். மருந்துக் கடைக்காரர் கொடுத்த மாத்திரையைப் போட்டால் தூக்கம் வந்தது. டாக்டரிடம் போகவில்லை. ஏன் என்று உனக்கு மட்டும் சொல்கிறேன்.

என் அம்மாவை நீ பார்த்திருக்கிறாய். கடைசி நாலு வருஷம் மடக்கின காலை நீட்ட முடியாமல் கயிற்றுக் கட்டிலில் கிடந்தாள். கழுத்தைத் திருப்பச் சொன்னால் உடம்போடு திரும்புவாள். எல்லாம் போர் தண்ணி. லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் ஃப்ளோரைடு, வேறு வழியே இல்லாவிட்டால் ஒன்றரை வரைக்கும்தான் இருக்கலாம் என்பார்கள். நம்ம ஊர்களில் பல கிணறுகளில் அதற்கு மேலேதான் இருந்தது. வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பு இறுகி, மூட்டு மடங்காமல் போகும். என் வகுப்பில் வாயைத் திறந்தால் பாதிப் பிள்ளைகளுக்குப் பல்லில் காவிக் கறை. பெண் பார்க்க வந்தவர்கள் என் பல்லைப் பார்த்தே "தருமபுரிப் பக்கமா?" என்று கேட்டதை வைத்து நீ எத்தனை வருஷம் கிண்டல் அடித்தாய்! 2013-ல் ஒகேனக்கல் தண்ணி வந்தது. அதற்குள் நமக்கு வயசாகிவிட்டது. அம்மாவுக்கு வந்ததுதான் எனக்கும் வந்திருக்கிறது, அதை ஒரு டாக்டர் வாயால் கேட்க வேண்டாம் என்று மாத்திரையை முழுங்கிக்கொண்டிருந்தேன். அறுபது வயசுக்காரி செய்கிற வேலையா?

கடைசியில் மகன் தருமபுரிக்கு இழுத்துப் போனான். நிற்க வைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். "அம்மாவுக்கு வந்தது இல்லைங்க, இது வெறும் தேய்மானம். உள்பக்கம் இடைவெளி குறைந்திருக்கு" என்றார் டாக்டர். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்புறம் என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று கேட்டார். அட்டையைக் காட்டினேன். அவர் முகம் மாறியது. ரத்த அழுத்தம் பார்த்தால் 160-க்கு 100. பிரஷர் மாத்திரை தவறாமல் போட்டுமே இப்படி. ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டுகிற கிரியாட்டினினும் எகிறியிருந்தது. அந்த வகை வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கும், பிரஷரை ஏற்றும், தினமும் போட்டால் சிறுநீரகத்தையும் கெடுக்கும். நிறுத்தி ஒரு மாசத்தில் எனக்கு ரெண்டும் இறங்கிவிட்டது. உனக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது, காவேரி. சர்க்கரையே சிறுநீரகத்தைத் தின்கிற வியாதி. இதைச் சொல்லத்தான் இத்தனை நீளம்.

ராத்திரியில் மட்டும் ஏன் என்று டாக்டரை விடாமல் கேட்டேன். பகலில் நடந்த நடையும் சுமந்த சுமையும் மூட்டில் சேர்ந்திருக்கும். அசையாமல் கிடந்தால் மூட்டு இறுகும். வீக்கத்தை அடக்க உடம்பே சுரக்கிற சுரப்பும் ராத்திரி குறைவாம். பேச்சுத் துணையும் இல்லை, கவனமெல்லாம் முட்டியில்தான். தூக்கம் கெட்டால் மறுநாள் வலி இன்னும் அதிகமாகத் தெரியும்.

நான் செய்வது பெரிய வைத்தியம் ஒன்றும் இல்லை. படுக்கப் போகும் முன் கால் மணி நேரம் வெந்நீர்ப் பை. வீங்கிச் சூடாக இருந்தால் துண்டில் சுற்றிய ஐஸ். ஒருக்களித்துப் படுத்து ரெண்டு முட்டிக்கும் நடுவில் தலையணை. முட்டிக்கு அடியில் வைத்தால் சுகமாகத்தான் இருக்கும், ஆனால் கால் மடங்கியபடியே பழகிவிடும் என்று திட்டு வாங்கினேன். அப்புறம் இதுதான் முக்கியம்: காலை நீட்டி உட்கார்ந்து, சுருட்டிய துண்டை முட்டிக்குக் கீழே வைத்து, அதை அமுக்கி ஐந்து எண்ணி விட வேண்டும். பத்துத் தடவை, காலையும் மாலையும். தொடைச் சதை வலுத்தால் முட்டியின் பாரத்தை அது வாங்கிக்கொள்ளும். முதல் மாசம் ஒன்றுமே தெரியவில்லை, சலித்துப் போனேன். ரெண்டாவது மாசம் ஒரு நாள் முழித்துப் பார்த்தால் விடிந்திருந்தது. தக்காளி லாரிச் சத்தமே கேட்கவில்லை!

எடையும் நாலு கிலோ குறைத்தேன். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டிக்கு நாலு கிலோ மிச்சமாம். கணக்குப் போட்டுப் பார், அடிக்குப் பதினாறு கிலோ, அரைச் சிப்பம் அரிசிக்கு மேலே இறக்கி வைத்திருக்கிறேன். களியை விடவில்லை, ரெண்டாவது உருண்டையை விட்டேன். அரிவாள்மனை பரண் ஏறிவிட்டது, மேசை மேல் வைத்துக் கத்தியால்தான் நறுக்குகிறேன்.

முட்டி சிவந்து வீங்கிக் காய்ச்சலும் வந்தாலோ, கெண்டைக்கால் வீங்கினாலோ, ஊன்றவே முடியாவிட்டாலோ எனக்காகக் காத்திருக்காதே. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ.

இல்லாவிட்டால் செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். தயாராக இரு, ரத்தப் பரிசோதனைக்குப் போகலாம். அந்த அட்டையைத் தூக்கிப் போடாதே, அதில் இருக்கிற மருந்தின் பெயரை டாக்டர் பார்க்க வேண்டும். அதுவரை அந்த வலி மாத்திரையில் இன்னொன்று போடாதே.

உன்,
மாதம்மா

பி.கு: வெஸ்டர்ன் டாய்லெட் வைக்கச் சொன்னால் உன் வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். அவரிடம் நானே பேசிக்கொள்கிறேன், நீ வாயைத் திறக்காதே.