பெத்தவங்க போனைப் பத்தியும் எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

குழந்தைங்க போன் பாக்குறதைப் பத்தி அடிக்கடி கட்டுரை போடுறீங்க, சந்தோஷம், ஆனா பெத்தவங்க பாக்குறதைப் பத்தி ஒரு வரிகூட காணோமே சார். 1970கள்ல அமெரிக்காவுல எட்வர்ட் ட்ரோனிக்னு ஒரு சைக்காலஜிஸ்ட் ஒரு சோதனை செஞ்சார், அம்மா முதல்ல கைக்குழந்தையோட கொஞ்சி விளையாடணும், அப்புறம் கொஞ்ச நேரம் மூஞ்சியில ஒண்ணும் காட்டாம அதையே பாத்துட்டு உக்காரணும், அவ்ளோதான். குழந்தை சிரிச்சுப் பாக்கும், கையை நீட்டும், சத்தம் குடுக்கும், எதுக்கும் பதில் வரலைன்னா மூஞ்சியைத் திருப்பிக்கும், சிலது அழுதுரும். இத்தனைக்கும் அம்மா எதிர்லயேதான் இருக்காங்க! பின்னாடி அம்மா கையில போனைக் குடுத்தும் ஆய்வு செஞ்சாங்க, அதுலயும் குழந்தைங்க வாடித்தான் போச்சு.

அதுக்காக நாள் முழுக்க கொஞ்சிட்டே இருக்கணும்னு இல்ல, அப்பப்ப கவனம் விட்டுப்போறது சகஜம்தான், திரும்பி வந்து பேசி சிரிச்சா சரியாயிடும்னு ட்ரோனிக்கே சொல்றார்.

புதன்கிழமை தடுப்பூசி போடுற இடத்துல போய்ப் பாருங்க, மடியில கிடக்குற மூணு மாசக் குழந்தை அண்ணாந்து பாத்து 'ங்கா'ங்குது, அம்மா ரீல்ஸ் தள்ளிட்டிருக்காங்க, பக்கத்துல அப்பாவும் அதேதான் (பொம்பளைங்களை மட்டும் திட்டிடாதீங்க, எங்க வீட்டு ஆம்பளைங்க இன்னும் மோசம்). ஊசி போட்டதும் அரைமணி நேரம் உக்கார வெக்கிறாங்கல்ல, அப்பவாவது நர்ஸம்மா இதை ரெண்டு வார்த்தை சொல்லலாம், நீங்களும் ஞாயிறு மலர்ல ஒரு பக்கம் ஒதுக்குங்க.

இப்படிக்கு,
ஒரு பாட்டி, கரூர்